ஜப்பானில் முஸ்லிம் குடும்பம்: ஸ்கூல் சாப்பாடு முதல் கபர் வரை... மதுரையிலிருந்து கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஜப்பானில் வேலை, நல்ல சம்பளம், பாதுகாப்பான ஊர். எல்லாம் சரி. ஆனால் ஒரு முஸ்லிம் குடும்பம் அங்கே போய் ஐந்து வருஷம், பத்து வருஷம் வாழணும் என்றால் தொழுகை, சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடைசியில் அடக்கம் இதெல்லாம் எப்படி நடக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

மதுரை கே.கே. நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் டோக்கியோவில் ஐ.டி. வேலை. மருமகளும் பேத்தியும் அவருடன்தான். இங்கே மாலை 6.30 மணிக்கு மகரிப் தொழுதுவிட்டு தாத்தா செல்போனை எடுத்தால், அங்கே இரவு 10 மணி. பேத்தி தூங்கியிருப்பாள். இரண்டு ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அதனால் பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். "புள்ளைக்கு ஓதிக் கொடுக்க ஆள் இருக்காங்களா? கறி எங்க வாங்குறீங்க? வெள்ளிக்கிழமை தொழுகைக்கு விடுறாங்களா?" பெரியவர்களின் கேள்விகள் இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கேள்விகள் இனி இன்னும் பல வீடுகளில் கேட்கப் போகின்றன. காரணம் என்ன?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் மோடி டோக்கியோ சென்றபோது, இந்தியாவும் ஜப்பானும் ஒரு செயல்திட்டத்தை அறிவித்தன. ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கு இடையே 5 லட்சம் பேர் போய்வர வேண்டும். அதில் 50 ஆயிரம் பேர் இந்தியாவிலிருந்து ஜப்பான் செல்லும் திறன்மிக்கவர்களாக இருக்க வேண்டும் என்பது இலக்கு.

ஜப்பானுக்கு ஆள் தேவை. 2024-ல் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், தொழிற்சாலை, ஐ.டி. என எல்லாத் துறையிலும் கை போதவில்லை. 2024 இறுதியில் அங்கு வசித்த வெளிநாட்டவர்கள் 37 லட்சத்துக்கும் அதிகம். அதில் இந்தியர்கள் 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டனர்.

தமிழர்களுக்கு ஜப்பான் புதிதில்லை. டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. டோக்கியோவில் தமிழ்ச் சங்கம் இயங்குகிறது. 2023 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முதலீடு ஈர்க்க ஜப்பான் சென்றதும் நினைவிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: எல்லா விசாவிலும் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது.

யார் குடும்பத்தோடு போகலாம்?

* ஐ.டி., பொறியியல் போன்ற வேலை விசாவில் போகிறவர்கள் மனைவி அல்லது கணவர், பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம்.
* 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' விசாவின் முதல் நிலையில் போகிறவர்களுக்குக் குடும்பத்தை அழைத்துவர அனுமதி இல்லை. இது அதிகபட்சம் 5 ஆண்டு. இதற்கு அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும், தொழில் தேர்வும் பாஸ் செய்ய வேண்டும்.
* அதே விசாவின் இரண்டாம் நிலைக்கு உயர்ந்தால் குடும்பத்துக்கு இடம் உண்டு.
* வயதான பெற்றோரைச் சார்ந்திருப்பவர்கள் என்று காட்டி நிரந்தரமாக அழைத்துக்கொள்ள, பொதுவான வேலை விசாக்களில் வழி இல்லை.

அதாவது கே.கே. நகர் தாத்தா, பாட்டி பெரும்பாலும் செல்போன் திரையில்தான். ஓதிக் கொடுப்பது, நோன்பு நேரத்தில் கூட இருப்பது என நம்ம ஊரில் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை முழுக்க அங்கே அப்பா, அம்மா தலையில்தான் விழும்.

ஜப்பானில் முஸ்லிம்கள் எவ்வளவு பேர்?

மத வாரியாக ஜப்பான் அரசு மக்கள்தொகைக் கணக்கு எடுப்பதில்லை. வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஃபுமி தனாடாவின் மதிப்பீடுதான் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி 2020 வாக்கில் சுமார் 2.3 லட்சம் முஸ்லிம்கள். 2024 தொடக்கத்தில் இது சுமார் 3.5 லட்சம். இந்தோனேசியர்கள்தான் அதிகம். பாகிஸ்தான், வங்கதேசத்தைச் சேர்ந்தவர்களும், இஸ்லாத்தை ஏற்ற ஜப்பானியர்களும் உண்டு.

பள்ளிவாசல்கள் கணக்கு இன்னும் ஆச்சரியம். 1999-ல் 15. 2021 மார்ச்சில் 113. ஆனால் 'பள்ளிவாசல்' என்றதும் காஜிமார் தெரு பெரிய பள்ளிவாசல் மாதிரி கற்பனை செய்யக் கூடாது. பல இடங்களில் பழைய வீடு, மூடிய கடை, அடுக்குமாடியின் ஒரு தளம், இவைதான் தொழுமிடம். வெளியே ஒலிபெருக்கியில் பாங்கு கேட்காது. பாங்கு செல்போனில்தான்.

இதில் இந்தியர்களுக்கு ஒரு பழைய பங்கு இருக்கிறது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935-ல் கோபே துறைமுக நகரில் திறக்கப்பட்டது. அங்கு வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்களும், ரஷ்யாவிலிருந்து வந்த தாத்தார் முஸ்லிம்களும் சேர்ந்து பணம் திரட்டிக் கட்டியது. 1945-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் கோபே எரிந்தபோதும் அந்தக் கட்டடம் நின்றது. 1995-ல் பெரும் நிலநடுக்கம் வந்தபோதும் நின்றது. இன்றும் அங்கே தொழுகை நடக்கிறது. டோக்கியோவில் 1938-ல் கட்டப்பட்ட பள்ளிவாசல் பழுதாகி இடிக்கப்பட்டு, துருக்கி உதவியுடன் 2000-ல் 'டோக்கியோ ஜாமி' என்ற பெயரில் மீண்டும் எழுந்தது.

தொழுகை: நேரம்தான் சவால்

மதுரையில் வருஷம் முழுக்கச் சூரிய உதயம் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.40-க்கும் நடுவில்தான். தொழுகை நேரம் பெரிதாக மாறாது. டோக்கியோ அப்படியில்லை.

ஜூன் மாதத்தில் அங்கே நாலரை மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். பஜ்ர் நேரம் அதிகாலை 3 மணிக்கு முன்பே தொடங்கிவிடும். டிசம்பரில் மாலை நாலரைக்கே அஸ்தமனம். அப்போது லுஹர், அஸர், மகரிப் மூன்றுமே ஆபீஸ் நேரத்துக்குள் வந்துவிடும். ஒரு வேளைக்கு அனுமதி கேட்டவர் மூன்று வேளைக்குக் கேட்க வேண்டிய நிலை.

பெரிய நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், நரிடா, ஹனேடா, கன்சாய் விமான நிலையங்கள், டோக்கியோ ரயில் நிலையம் போன்ற இடங்களில் தொழுகை அறைகள் உள்ளன. மற்ற இடங்களில் காலியான மீட்டிங் ரூம், மாடிப்படி ஓரம். ஒளு செய்ய ஆபீஸ் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்தால் சுற்றி இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். தரை ஈரமாவது ஜப்பானியர்களுக்குப் பிடிக்காத விஷயம். பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய்ச் செய்து, தரையைத் துடைத்துவிட்டு வருவது அங்கே பலரும் பழகிக்கொண்ட வழி.

நோன்புக்கு வருவோம். ரமலான் குளிர்காலத்தை ஒட்டி வரும்போது டோக்கியோவிலும் மதுரையிலும் நோன்பு நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2016-ல் ஜூன் மாதம் வந்தபோது டோக்கியோவில் 16 மணி நேரத்தைத் தாண்டியது. "தண்ணி கூட குடிக்க மாட்டீங்களா?" என்பது கூட வேலை செய்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. இங்கே தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்கு அரிசி தருகிறது. அங்கே கஞ்சியும் நாமே, பரிமாறுவதும் நாமே.

பிறை விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் அரசின் தலைமை காஜி அறிவிப்பார். ஜப்பானில் பிறை தெரியாவிட்டால் மலேசியாவின் முடிவைப் பின்பற்றுவது அங்குள்ள பிறைக் குழுவின் வழக்கம். அதனால் பேத்திக்கு ஒருநாள், தாத்தாவுக்கு மறுநாள் பெருநாள் என்பது நடக்கும். பெருநாள் அங்கே அரசு விடுமுறையும் இல்லை. சம்பள லீவ் போட வேண்டும். குர்பானிக்கு வீட்டு வாசலில் ஆடு அறுப்பது அங்கே நடக்காத காரியம். பலர் ஊருக்கே பணம் அனுப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

சாப்பாடு: பன்றி மட்டும் பிரச்னை இல்லை

ஹலால் கோழி கிடைப்பது இப்போது கஷ்டமில்லை. பிரேசிலிலிருந்து வரும் ஹலால் முத்திரையுள்ள கோழி சாதாரண மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. டோக்கியோ ஷின் ஒகுபோ பகுதியில் ஒரு சந்தே ஹலால் கடைகளால் நிரம்பியிருக்கிறது. மசாலா, பாசுமதி அரிசி, ஆட்டுக்கறி எல்லாம் உண்டு.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத பொருள்களில்தான்.

* மிரின்: சமையலில் இனிப்புக்காகச் சேர்க்கும் அரிசி மது. மீன் குழம்பில்கூட இருக்கும்.
* சோயா சாஸ், மிசோ: சில வகைகளில் கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள்.
* ரொட்டி, பிஸ்கட்: பன்றிக் கொழுப்போ, எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத கொழுப்போ இருக்கலாம்.
* ஜெலட்டின்: ஜெல்லி மிட்டாய், தயிர், புட்டிங்.

ஜப்பானில் ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் எழுதும் முறை உண்டு. 2025-ல் கட்டாயமாகவும் பரிந்துரையாகவும் 28 பொருள்கள் இருந்தன. அந்தப் பரிந்துரைப் பட்டியலில் பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் இருக்கின்றன. ஆக, 'கான்ஜி' எனப்படும் சித்திர எழுத்துகளில் பன்றி, மது இந்த இரண்டையும் அடையாளம் காணப் பழகினால் பாதிப் பிரச்னை தீரும். பரிந்துரைதான், கட்டாயம் இல்லை என்பதால் மீதிப் பாதிக்குக் கடைக்காரரையோ நிறுவனத்தையோ கேட்கத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடம்: ஒரே தட்டு, ஒரே சாப்பாடு

பிள்ளை தொடக்கப் பள்ளியில் சேர்ந்ததும் வரும் முதல் கேள்வி மதிய உணவு. ஜப்பான் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு என்பது வெறும் சாப்பாடு இல்லை, ஒரு பாடம். பிள்ளைகளே முறை போட்டுப் பரிமாறுவார்கள். டீச்சரும் வகுப்பிலேயே உட்கார்ந்து அதையே சாப்பிடுவார். எல்லோருக்கும் ஒன்று என்பதுதான் அதன் அடிப்படை.

அங்கே ஒரு குழந்தை மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்தால்? அதனால்தான் பல முஸ்லிம் அம்மாக்கள், மாதம் முன்கூட்டியே வரும் மெனுவை வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பள்ளியில் கறி ரைஸ் என்றால் வீட்டிலும் அதே மாதிரி கறி ரைஸ் செய்து அனுப்புகிறார்கள். பிள்ளை தனியாகத் தெரியக் கூடாது என்பதற்காக. நீச்சல் வகுப்பில் முழுக்கை உடை, பெண் பிள்ளைக்கு முக்காடு என ஒவ்வொன்றுக்கும் ஸ்கூலில் பேச வேண்டும். பெரும்பாலும் பேசினால் வழி கிடைக்கிறது. எழுதி வைத்த பொது விதி இல்லாததால், பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும்.

இந்தச் சாப்பாட்டு விஷயம் 2025 செப்டம்பரில் அரசியலானது. கிடாகியூஷு நகரில் முஸ்லிம்களுக்காகப் பள்ளி உணவிலிருந்து பன்றி இறைச்சியை நீக்க முடிவெடுத்துவிட்டார்கள் என்று சமூக வலைதளங்களில் வதந்தி பரவியது. நகர நிர்வாகத்துக்கு ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. உண்மையில் நடந்தது வேறு. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடட்டும் என்று, அந்த 28 பொருள்களும் இல்லாத ஒரு மெனுவைப் பிப்ரவரியில் வழங்கியிருந்தார்கள். அவ்வளவுதான். அப்படி ஒரு முடிவே எடுக்கவில்லை என்று நகர நிர்வாகம் விளக்கம் தர வேண்டி வந்தது.

பெரிய சிக்கல்: மய்யித்தை எங்கே அடக்குவது?

இதுதான் எந்தக் குடும்பமும் கிளம்பும்போது பேச விரும்பாத விஷயம். ஆனால் ஜப்பான் முஸ்லிம்களின் மிகப் பெரிய கவலை இதுதான்.

ஜப்பானில் இறப்பவர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் தகனம்தான். அடக்கம் செய்வது சட்டவிரோதம் இல்லை. 1948-ம் ஆண்டு சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனால் அனுமதி பெற்ற மயானத்தில் மட்டுமே செய்யலாம். மயானத்துக்கு அனுமதி தருவது உள்ளாட்சி கையில். பல உள்ளாட்சிகள் புதிய அடக்கத்தலத்துக்கு வழி விடுவதில்லை.

இன்னொன்று. இறந்து 24 மணி நேரம் ஆகும் முன் அடக்கமோ தகனமோ கூடாது என்கிறது அதே சட்டம். மதுரையில் காலையில் மவுத் என்றால் அஸருக்குள் அடக்கம் முடிந்துவிடும். அங்கே சட்டப்படியே ஒரு நாள் காத்திருக்க வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் இறப்பைப் பதிந்து, அடக்க அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும்.

ஹொக்கைடோவின் யொய்ச்சி, யமனாஷியின் கோஷு, கோபே, வகயாமா, ஷிசுவோகா எனச் சில இடங்களில் முஸ்லிம்களை அடக்கம் செய்ய வசதி உண்டு. நாடு முழுவதும் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கியூஷு தீவில் வாழும் முஸ்லிம்கள் மய்யித்தை வண்டியில் வைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டிய நிலை.

அதை மாற்ற முயன்றது பெப்பு நகர முஸ்லிம் சங்கம். பக்கத்தில் உள்ள ஹிஜி என்ற சிறு ஊரில் அடக்கத்தலம் அமைக்கத் திட்டமிட்டது. "நிலத்தடி நீர் கெட்டுப்போகும்" என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தனர். பல வருஷப் பேச்சுக்குப் பிறகு, ஊராட்சிக்குச் சொந்தமான வேறொரு நிலத்தில் நிபந்தனைகளுடன் அமைக்கலாம் என்று 2023-ல் உடன்பாடு வந்தது. ஆனால் 2024 ஆகஸ்ட் தேர்தலில், நிலத்தை விற்க மாட்டேன் என்று சொன்னவர் மேயராக வென்றார். திட்டம் நின்றது.

மியாகி மாகாணத்திலும் இதே கதை. ஆளுநர் யோஷிஹிரோ முராய், அடக்கத்தலம் அமைப்பது பற்றி ஆராய்வதாகச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது. உள்ளாட்சித் தலைவர்கள் யாரும் ஏற்காத நிலையில் 2025 செப்டம்பரில் அந்த யோசனையைக் கைவிட்டார்.

"ஜப்பான்ல தகனம்தான் மரபு, வர்றவங்கதான் மாறிக்கணும்" என்பது எதிர்ப்பாளர்கள் வாதம். இதில் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. ஜப்பானிலும் ஒரு காலத்தில் அடக்கம் பரவலாக இருந்தது. 1873-ல் மெய்ஜி அரசு தகனத்தையே தடை செய்தது. இரண்டு ஆண்டில், 1875-ல், அந்தத் தடை விலக்கப்பட்டது. கிராமங்களில் அடக்கம் செய்யும் வழக்கம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட நீடித்தது. ஆக, தகனம் கிட்டத்தட்ட எல்லோருக்குமான வழக்கமானது அண்மைக் காலத்தில்தான்.

அதே நேரம் ஊர்க்காரர்களின் பயத்தை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கவும் முடியாது. ஊற்று நீரையும் கிணற்று நீரையும் நம்பி விவசாயம் செய்யும் ஊர் கேள்வி கேட்கத்தான் செய்யும். ஹிஜியில் பேசிப் பேசி நிபந்தனைகளோடு ஒரு முடிவுக்கு வர முடிந்தது என்பதே, இது தீராத பிரச்னை இல்லை என்பதற்கு ஆதாரம். அதை நிறுத்தியது தேர்தல்.

அரசியல் காற்று எந்தப் பக்கம்?

ஜப்பான் அரசியலமைப்பின் 20-வது பிரிவு மத சுதந்திரத்தை உறுதி செய்கிறது. தெருவில் தாடி, முக்காடு பார்த்து யாரும் சண்டைக்கு வருவது அபூர்வம். ஆனால் கவனிக்க வேண்டிய சம்பவங்கள் உண்டு. 2010-ல் டோக்கியோ போலீஸ் ஆவணங்கள் இணையத்தில் கசிந்தபோது, முஸ்லிம்கள் பலரைப் போலீஸ் கண்காணித்தது தெரியவந்தது. 17 பேர் வழக்குத் தொடர்ந்தனர். ஆவணம் கசிந்ததற்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்ன நீதிமன்றம், கண்காணித்தது தவறு என்று சொல்லவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியர்களே முதல்' என்ற முழக்கத்துடன் நின்ற சன்சேய்தோ கட்சி 14 இடங்களை வென்றது. அதன் பிறகு வெளிநாட்டவர் விவகாரம் எல்லாக் கட்சியும் பேசும் பொருளாகிவிட்டது. ஒரு பக்கம் ஆள் வேண்டும் என்று அழைக்கிறார்கள். இன்னொரு பக்கம், வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையோடு வருவார்கள் என்பதை ஏற்கத் தயங்குகிறார்கள். பள்ளி உணவும் கபர்ஸ்தானும் இந்த இழுபறியில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

மதுரைக்கும் டோக்கியோவுக்கும் உண்மையான வித்தியாசம் என்ன?

கே.கே. நகரில் இருப்பவருக்கு மார்க்கம் சார்ந்த பாதி வேலையை ஊர் செய்துவிடும். பாங்கு சொல்ல ஆள் உண்டு. நிக்காஹ் பதிவுக்கு ஜமாஅத் உண்டு. மவுத் என்றால் குளிப்பாட்ட, கபன் எடுக்க, சந்தூக் தூக்க, குழி வெட்ட என ஆள் ஓடி வரும். யாரும் கேட்க வேண்டியதில்லை.

டோக்கியோவில் ஒவ்வொன்றையும் அந்தக் குடும்பமே திட்டமிட வேண்டும், விளக்க வேண்டும், அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அங்கே வாழும் குடும்பங்களைச் சோர்வடைய வைப்பது பகைமையைவிட இந்த ஓயாத விளக்கம்தான்.

கிளம்பும் முன் என்னென்ன செய்யலாம்?

1. விசா எந்த வகை, குடும்பத்தை எப்போது அழைக்கலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது.
2. வேலை கிடைத்த ஊரில் பக்கத்துப் பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வீடு தேடுங்கள். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் வார இறுதி வகுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.
3. தொழுகை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ பற்றி வேலையில் சேரும் முன்பே நிறுவனத்திடம் பேசிவிடுங்கள். நேரத்தை ஈடுகட்டுவேன் என்று சொன்னால் பேச்சு எளிது.
4. பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே, எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியலை ஜப்பானிய மொழியில் பள்ளியிடம் கொடுங்கள்.
5. டோக்கியோவில் உள்ள இந்தியத் தூதரகத்திலோ, ஒசாகா-கோபே துணைத் தூதரகத்திலோ விவரங்களைப் பதிந்து வையுங்கள்.
6. உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். மதுரைக்கு ஜப்பானிலிருந்து நேரடி விமானம் இல்லை. இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் தேவைப்படும். வசதி இல்லாதவர்களுக்கு, தகுதி இருந்தால், இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகம் உதவ முடியும்.
7. கடைசியாக, கஷ்டமான பேச்சு. ஏதாவது ஒன்று என்றால் அங்கேயே அடக்கமா, ஊருக்கா? கணவன், மனைவி, பெரியவர்கள் உட்கார்ந்து முடிவெடுத்து, அங்குள்ள பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் சொல்லி வையுங்கள்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது மவுத்தைப் பத்தி ஏன் பேசணும்?" என்று வீட்டில் அதட்டல் வரலாம். ஆனால் நம்ம ஊரில் இந்தப் பேச்சு தேவைப்படாததற்குக் காரணம், ஜமாஅத்தும் கபர்ஸ்தானும் ஏற்கெனவே இருப்பது. அவை இரண்டும் இல்லாத ஊருக்குப் போகும்போது, அந்த ஏற்பாட்டை வீட்டுக்காரர்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.